முதற்தெரிவு ஏன் பொய்க்கிறது?

களுபோவிலையில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்



1935இல் அமெரிக்காவில் பெர்ட் பெல் என்ற அமெரிக்க உதைபந்தாட்டக் கழக உரிமையாளர் ஒரு யோசனையை முன்வைத்தார். அவருடைய பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி தோற்றுக்கொண்டே இருந்த காலம் அது. பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் நல்ல வீரர்களைப் பணமும் பெயரும் உள்ள கழகங்களே அள்ளிக்கொண்டு போயின. இப்படியே போனால் வலியவன் மேலும் வலியவனாவான், போட்டியில் சுவையே இருக்காது என்று அவர் வாதிட்டார். மற்ற உரிமையாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். புதிய வீரர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு கழகங்கள் முறைபோட்டு ஆளைத் தெரிவுசெய்வது, கடந்த பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை கொடுப்பது என்று ஏற்பாடானது. டிராஃப்ட் என்று உலகம் இன்று சொல்வது இதைத்தான். 1936இல் நடந்த முதல் டிராஃப்டில், அத்தனை பேருக்கும் முன்னதாக, நாட்டின் மிகச் சிறந்த பல்கலைக்கழக வீரர் என்று விருது பெற்ற ஜே பேர்வேங்கர் தெரிவானார். அவர் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஒரு போட்டிகூட ஆடவில்லை. ஈகிள்ஸ் அவருடைய உரிமையைச் சிக்காகோ அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அங்கேயும் சம்பளப் பேச்சு சரிவரவில்லை. அவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். இந்த முறையின் வரலாற்றில் முதலாவது தெரிவே பொய்த்துப்போன தெரிவு.

அதன் பின்னர் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளாக அந்த அமெரிக்க உதைபந்தாட்ட லீக் ஆண்டுதோறும் தெரிவு நடத்துகிறது. இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள். ஒவ்வோர் அணியிலும் ஆண்டு முழுவதும் ஆள் பார்க்கவே சம்பளம் வாங்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் 1998இல் பெய்டன் மேனிங்கா ரயன் லீஃபா, யாரை முதலில் எடுப்பது என்று நிபுணர்கள் உண்மையாகவே விவாதித்தார்கள். முதலில் போன மேனிங் இரண்டு முறை சம்பியன் பட்டம் வென்று, ஐந்து முறை லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் என்ற விருதையும் பெற்றார். இரண்டாவதாகப் போன லீஃப் சில பருவங்களிலேயே காணாமற்போனார். 2000இல் 198 பேர் எடுக்கப்பட்ட பிறகு, 199ஆவதாக எடுக்கப்பட்டவர் டொம் பிராடி. அவருடைய அதே இடத்தில் ஆடும் ஆறு பேர் அவருக்கு முன்னரே தெரிவாகியிருந்தார்கள். அவர் ஏழு முறை சம்பியன் பட்டம் வென்றார். 2007இல் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜமார்கஸ் ரஸல் மூன்று பருவங்களோடு முடிந்துபோனார். இவை அரிதான விபத்துகளா, அல்லது தெரிவு என்ற செயலுக்குள்ளேயே இருக்கும் ஒரு குறையின் அடையாளங்களா? இதுதான் இன்றைய கேள்வி. கடலுக்கு அப்பால் உள்ள ஒரு லீக்கின் கணக்காக மட்டும் இதை நான் பார்க்கவில்லை. நம்முடைய பாடசாலைகளிலும் மைதானங்களிலும் ஒவ்வொரு பருவமும் பிள்ளைகளின் தலையில் இதே தெரிவு நடந்துகொண்டிருக்கிறது.

நம் பக்கத்து உதாரணங்களைப் பார்ப்போம். இந்தியன் சூப்பர் லீக் உதைபந்தாட்டத்தில் 2014, 2015, 2017 ஆகிய ஆண்டுகளில் உள்நாட்டு வீரர்களை டிராஃப்ட் முறையில் எடுத்தார்கள். 2017 ஜூலையில் மும்பையில் நடந்த தெரிவில் மிக உயர்ந்த விலையான ஒரு கோடியே பத்து இலட்சம் இந்திய ரூபா இருவருக்கு இருந்தது. ஒருவர் கேரளத்தின் தற்காப்பு வீரர் அனஸ் எடத்தொடிக; மற்றவர் மேகாலயாவின் யூஜின்சன் லிங்டோ. லிங்டோ 2015இல் இந்தியாவின் ஆண்டின் சிறந்த வீரர் என்று அறிவிக்கப்பட்டவர். முந்திய பருவத்தின் சம்பியனான கொல்கத்தா அணி அவரை எடுத்தது. பருவம் தொடங்கியதுமே முழங்கால் காயம். அந்தப் பருவம் அவருக்கு அத்தோடு சரி. ஜம்ஷெட்பூர் எடுத்த அனஸும் காயத்தினால் பல போட்டிகளைத் தவறவிட்டார். பத்து அணிகளில் கொல்கத்தா ஒன்பதாவது இடத்துக்கு இறங்கியது. 2017க்குப் பிறகு அந்த லீக் டிராஃப்ட் முறையையே கைவிட்டது. கிரிக்கெட்டிலும் இது நடந்திருக்கிறது. 2008இல் ஐ.பி.எல். தொடங்கியபோது, 19 வயதுக்குட்பட்ட வீரர்களை மட்டும் டிராஃப்ட் முறையில் பகிர்ந்தார்கள். டெல்லி அணி வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. டெல்லிப் பையனான விராட் கோலி பெங்களூருக்குப் போனார். அதே ஆண்டு கோலாலம்பூரில் உலகக் கிண்ணம் வென்ற அந்த 19 வயதுக்குட்பட்ட இந்திய அணியின் தலைவர் அவர். அவரை யாருக்கும் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: தெரிவு பொய்ப்பதற்கு முதற்காரணம் தெரிவான பிள்ளையும் அல்ல, தெரிவாளரின் கண்ணும் அல்ல. தெரிவு செய்யும் நாளில் இல்லாத ஒன்றை அந்த நாளிலேயே கண்டுவிட முடியும் என்று நாம் நம்புவதுதான் காரணம். ஒரு வீரனின் திறமையில் பெரும்பகுதி தெரிவுக்குப் பிறகே உருவாகிறது. அந்த உருவாக்கத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நாம் விட்டுவிட்டு, யாரை எடுப்பது என்ற கேள்விக்கே எல்லாப் பணத்தையும் கவனத்தையும் கொட்டுகிறோம்.

முதலில் சான்றுகளை எடுத்துக்கொள்வோம். பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மேசியும் அமெரிக்க உதைபந்தாட்டத் தெரிவுகளைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரே இடத்தில் ஆடும் இரண்டு வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தெரிவாகிறார்கள். முதலில் எடுக்கப்பட்டவரே பிறகு சிறந்தவராக விளங்கினாரா? நூற்றுக்கு ஏறத்தாழ 52 தடவைதான் ஆம் என்று விடை வந்தது. நாணயத்தைச் சுண்டினால் 50. ஓராண்டு முழுக்க வேலை செய்த நிபுணர் குழு நாணயத்தைவிட இரண்டு படி முன்னே நிற்கிறது. ஆனால் இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. முதற்சுற்றில் எடுக்கப்பட்டவர்களை ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவர்களோடு மொத்தமாக ஒப்பிட்டால் முதற்சுற்றுக்காரர்களே நன்றாக ஆடியிருக்கிறார்கள். ஆகவே நிபுணர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற முடிவு சரியாகாது. பெரிய வேறுபாடு அவர்களுக்குத் தெரிகிறது; சிறிய வேறுபாடு தெரிவதில்லை. தெரியாத அந்தச் சிறிய வேறுபாட்டுக்குத்தான் கழகங்கள் பெருவிலை கொடுக்கின்றன. மூன்றாவது இடத்திலிருந்து முதல் இடத்துக்கு ஏறுவதற்காகப் பல எதிர்காலத் தெரிவுகளை விட்டுக்கொடுக்கின்றன.

சிறிய வேறுபாடு ஏன் தெரிவதில்லை? இறுதிப் பட்டியலில் எஞ்சுபவர்கள் எல்லோருமே பல சல்லடைகளைத் தாண்டி வந்தவர்கள். வேகமில்லாதவன் பாடசாலையிலேயே நின்றுவிட்டான். பலமில்லாதவன் மாகாண மட்டத்தில் நின்றுவிட்டான். எஞ்சிய நூறு பேரிடமும் வேகம் இருக்கிறது, பலம் இருக்கிறது. இவர்களை மறுபடியும் வேகத்தாலும் பலத்தாலும் அளந்தால் என்ன புதிதாகத் தெரியப்போகிறது? அமெரிக்கத் தெரிவுக்கு முந்திய முகாமில் ஒவ்வொரு வீரனையும் 40 யார் தூரம் ஓடவிட்டு, நொடியின் நூறில் ஒரு பங்கு வரை நேரம் குறிக்கிறார்கள். ஓடுபவனுக்கு எதிரே யாரும் இல்லை. கையில் பந்து இல்லை. முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை. எளிதாக அளக்கக்கூடியது என்பதாலேயே அது அளக்கப்படுகிறது. ஆட்டத்தில் தேவைப்படுவதோ, மூன்று பேர் பாய்ந்து வரும்போது எங்கே இடைவெளி திறக்கிறது என்று காணும் கண். அதற்கு நிறுத்தற்கடிகாரம் கிடையாது.

அளவுகோலின் இன்னொரு குறை வயது. கனடாவில் ரொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் இளையோர் ஐஸ் ஹொக்கி அணிகளைப் பார்த்தபோது, ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் அவற்றில் மிக அதிகமாகவும், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருந்தார்கள். அங்கே வயதுப் பிரிவு ஜனவரி முதலாம் திகதியில் வெட்டப்படுகிறது. ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். பத்து வயதில் பதினொரு மாத வேறுபாடு உயரத்திலும் எடையிலும் பெரியது. மூத்தவன் திறமைசாலியாகத் தெரிகிறான், தெரிவாகிறான், நல்ல பயிற்சி பெறுகிறான். அந்தப் பயிற்சியினால் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். இளையவன் தோல்வியடைந்ததாக யாரும் எண்ணுவதில்லை, ஏனெனில் அவன் பட்டியலிலேயே இல்லை. இது பல நாடுகளில், பல விளையாட்டுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் 13, 15, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பாடசாலை கிரிக்கெட் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு 13 வயதுக்குட்பட்ட போட்டியில் முகத்தில் மீசை அரும்பிய பையன் வேகமாகப் பந்து வீசி ஏழு விக்கெட் எடுக்கிறான் என்றால், அவனுடைய திறமையைப் பார்க்கிறோமா, அவன் சீக்கிரம் வளர்ந்ததைப் பார்க்கிறோமா என்று ஒவ்வொரு பயிற்றுநரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் பழமொழி சொல்லிப் பழகியவர்கள். ஆனால் முத்தையா முரளிதரனை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் அவர் பந்து வீசத் தொடங்கியது மித வேகப்பந்து வீச்சாளராக. பதினான்கு வயதளவில்தான் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் யோசனைப்படி சுழலுக்கு மாறினார். 1991இல் ஆண்டின் சிறந்த பாடசாலை வீரர், 1992இல் ஆர். பிரேமதாச மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு விடைபெற்றார். பதின்மூன்று வயதில் அவரை ஒரு தெரிவுக்குழு முன் நிறுத்தியிருந்தால் எதைக் கண்டிருக்கும்? உலகத்தில் நூறு பள்ளிகளில் இருக்கக்கூடிய ஒரு மித வேகப்பந்து வீச்சாளனை. உலகின் மிகச் சிறந்த சுழல்பந்து வீச்சாளன் அப்போது ஒளிந்திருந்தான் என்று சொல்வதுகூடத் தவறு. அவன் இன்னும் உருவாகவே இல்லை. ஒரு பயிற்றுநர் ஒரு பிள்ளையைத் தினமும் பார்த்து, உனக்கு வேறு ஒன்று பொருந்தும் என்று சொல்லி, அதற்கு நேரமும் கொடுத்ததால் அவன் உருவானான். அது தெரிவாளரின் வேலையாக இருக்கவில்லை. ஆசிரியரின் வேலையாக இருந்தது.

தெரிவுக்குப் பின் என்ன நடக்கிறது என்பதற்குத் துடுப்பாட்டக்காரர் மார்வன் அத்தபத்துவின் கணக்கைப் போல வேறொன்று கிடையாது. 1990இல் சண்டிகாரில் முதல் டெஸ்ட்: 0, 0. இரண்டு ஆண்டுகள் கழித்துக் கொழும்பில் இரண்டாவது டெஸ்ட்: 0, 1. மேலும் இரண்டு ஆண்டுகள் கழித்து அஹமதாபாத்தில்: 0, 0. ஆறு இன்னிங்ஸில் ஒரே ஓட்டம். எந்த நாட்டுத் தெரிவுக்குழுவும் அந்த இடத்தில் இவர் பொய்த்த தெரிவு என்று எழுதி மூடியிருக்கலாம். 1997இல் மீண்டும் அழைத்தார்கள். அவர் 90 டெஸ்ட் போட்டிகள் ஆடி, 5,502 ஓட்டங்களும் ஆறு இரட்டைச் சதங்களும் குவித்து, நாட்டின் அணித்தலைவராகவும் இருந்தார். இனி ரங்கன ஹேரத். 1999இல் காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுகமாகி நன்றாகவே வீசினார். ஆனால் முரளி உச்சத்தில் இருந்த அணியில் இரண்டாவது சுழல்பந்து வீச்சாளனுக்கு நிலையான இடம் இருக்கவில்லை. பத்தாண்டுகளாக வந்தும் போயும் இருந்தார். 2009இல் இங்கிலாந்தில் ஒரு கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவரை, முரளி காயமடைந்ததால் காலிக்கு அழைத்தார்கள். அதிலிருந்து 2018இல் ஓய்வு பெறும்வரை நாட்டின் பந்துவீச்சை அவரே சுமந்தார். மொத்தம் 433 விக்கெட்டுகள். 2008இல் ஹேரத்தைப் பற்றி ஒரு மதிப்பீடு எழுதச் சொன்னால் என்ன எழுதியிருப்பார்கள்? அவருடைய விரல்களில் இருந்த வித்தை 2008க்கும் 2009க்கும் இடையில் புதிதாக வந்ததல்ல. இடம் காலியானதுதான் புதிது.

எதிர்மாறான கதையும் உண்டு. 2008இல் சுழல்பந்து வீச்சாளர் அஜந்த மெண்டிஸ் இந்தியாவுக்கு எதிரான மூன்று டெஸ்ட் போட்டிகளில் 26 விக்கெட்டுகள் எடுத்தார். மூன்று போட்டிகள் கொண்ட அறிமுகத் தொடரில் அதுவரை யாரும் அத்தனை எடுத்ததில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்னர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் 13 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள். பின்னர் துடுப்பாட்டக்காரர்கள் அவருடைய விரல்களைப் படக்காட்சிகளில் பார்த்துப் படித்தார்கள். அவருடைய டெஸ்ட் வாழ்வு 19 போட்டிகள், 70 விக்கெட்டுகளோடு நின்றது. அதாவது கடைசி 16 போட்டிகளில் 44. மெண்டிஸ் சோம்பேறியாகிவிட்டார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. எதிரே நின்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். விளையாட்டில் ஒருவனுடைய திறமை அவனிடம் மட்டும் இருப்பதில்லை. எதிராளிக்குத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையில் இருக்கிறது. தெரிவு நாளில் நாம் பார்ப்பது எதிராளிக்கு இன்னும் தெரியாத காலத்துத் திறமையை.

இவற்றை எல்லாம் சேர்த்து ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் இளைஞன் தேற வேண்டுமானால் நான்கு விடயங்கள் கூடிவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்: பெருங்காயம் ஏற்படக் கூடாது, அவனுக்குப் பொருந்தும் பயிற்றுநர் அமைய வேண்டும், அணியில் அவனுடைய இடம் காலியாக இருக்க வேண்டும், எதிராளிகள் அவனைப் படித்த பிறகும் அவன் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் கைகூட நூற்றுக்கு 80 வாய்ப்பு என்று தாராளமாகவே கொடுப்போம். நான்கும் ஒன்றாகக் கைகூட எத்தனை? நூற்றுக்கு 41தான். இது விளக்கத்துக்கான கணக்கு. ஆனால் இது காட்டும் உண்மை பெரியது. தெரிவாளர் ஒரு தவறும் செய்யாமல், பையனும் ஒரு குற்றமும் செய்யாமல், பாதிக்கு மேற்பட்ட நல்ல தெரிவுகள் பொய்க்க முடியும். இதில் டிராஃப்ட் முறைக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்கிறது. கடைசியாக வந்த அணிக்கு முதல் உரிமை என்பது விதி. ஆகவே மிகச் சிறந்த இளைஞன் என்று கருதப்படுபவன், பயிற்சியும் நிர்வாகமும் சரியில்லாததால் தோற்ற வீட்டுக்குத்தான் பெரும்பாலும் போய்ச் சேருகிறான். லீக்கின் சமநிலைக்கு அது நல்லது. அந்த இளைஞனின் வளர்ச்சிக்கு அது நல்லதா என்று விதி கேட்பதில்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது மறுப்பு: உண்மையான திறமை எப்படியும் மேலே வந்துவிடும், கோலி வரவில்லையா, பிராடி வரவில்லையா? வந்தார்கள். ஆனால் வந்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் வருவார்கள் என்றுதான் தோன்றும். 2008 இளையோர் உலகக் கிண்ணத்தில் மிக அதிக ஓட்டங்கள் எடுத்தவர் கோலி அல்லர். அதே அணியின் தன்மய் ஸ்ரீவஸ்தவா, 262 ஓட்டங்கள். கோலி எடுத்தது 235. ஸ்ரீவஸ்தவா இந்தியாவின் மூத்த அணிக்கு ஒரு போட்டியும் ஆடவில்லை. 2012இல் டவுன்ஸ்வில்லில் இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 111 எடுத்து இந்தியாவுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்த அணித்தலைவர் உன்முக்த் சந்தும் ஆடவில்லை. 2021இல் இந்தியக் கிரிக்கெட்டிலிருந்து விலகி அமெரிக்காவுக்குப் போனார். அவர்களிடம் திறமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? அதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோலியை விட்ட டெல்லியின் முடிவு முட்டாள்தனமானதல்ல. சேவாக், கம்பீர் போன்ற துடுப்பாட்டக்காரர்கள் அந்த அணியில் ஏற்கெனவே இருந்தார்கள், பந்துவீச்சாளன் தேவைப்பட்டான். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து எடுத்த நியாயமான முடிவு பின்னாளில் தவறாகத் தெரிகிறது. விளைவை வைத்து முடிவை மதிப்பிடும் பழக்கம் நம்மை ஒன்றும் கற்க விடாது.

இரண்டாவது மறுப்பு ஒழுக்கம் பற்றியது. இளம் வயதில் கைநிறையப் பணமும் பாராட்டும் வந்தால் பையன்கள் கெட்டுப்போகிறார்கள், உழைப்பை விட்டுவிடுகிறார்கள், அதுதான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சிலருக்கு அது உண்மை. லீஃப், ரஸல் இருவரைப் பற்றியும் இந்தக் குற்றச்சாட்டு சொல்லப்பட்டது. ஆனால் தெரிவுகள் ஒவ்வோர் ஆண்டும், எல்லா நாட்டிலும், எல்லா விளையாட்டிலும் பொய்க்கின்றன. எங்கும் எப்போதும் நடப்பதற்குத் தனிமனிதரின் குணத்தைக் காரணமாகச் சொன்னால், அந்தக் காரணம் எதையும் விளக்காது. மேலும், பத்தொன்பது வயதுப் பையன் தடுமாறுவான் என்பது தெரிந்த விடயம். தெரிந்திருந்தும் அவனுக்கு வழிகாட்ட ஒருவரையும் வைக்காமல், விலையை மட்டும் கொடுத்தது யார்?

மூன்றாவது மறுப்பு நம் காலத்துக்குரியது: கணினியும் தரவும் பெருகிவிட்டன, ஒவ்வோர் அடியும் பதிவாகிறது, இனித் தெரிவுகள் பொய்க்கமாட்டா. தரவு உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. வயதுப் பிரிவின் மயக்கத்தைக் களையவும், பலவீனமான எதிரணிக்கு எதிராகக் குவித்த ஓட்டங்களைத் தள்ளி வைக்கவும் அது மிகவும் பயன்படும். ஆனால் காயம், காலியாகும் இடம், மாறும் பயிற்றுநர் எல்லாம் எதிர்காலத்தில் இருக்கின்றன. நடந்து முடிந்ததன் பதிவில் அவை இல்லை. அதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்றும் உண்டு. 1995இல் பரி ஸ்டோவும் ஹா ஹோவாங்கும் அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட லீக்கை ஆராய்ந்தார்கள். ஆட்டத் தரம் சமமாக இருந்தபோதும், முன்கூட்டித் தெரிவானவர்களுக்கே அதிக நிமிடங்கள் ஆடக் கிடைத்தன. அவர்களையே கழகங்கள் நீண்டகாலம் வைத்திருந்தன. செலவழித்ததை வீணாக்க மனம் வருவதில்லை. இதன் பொருள் என்ன? முன்னே எடுக்கப்பட்டவன் பத்து முறை தவறலாம். பின்னே எடுக்கப்பட்டவன் இரண்டு முறைதான் தவறலாம். பிறகு முன்னவன் ஓரளவு தேறினால், பார்த்தீர்களா, எங்கள் தெரிவு சரி என்கிறோம். தெரிவே விளைவின் ஒரு பகுதியை உண்டாக்கிவிட்டு, அந்த விளைவையே தனக்குச் சாட்சியாகக் காட்டுகிறது. அப்படிச் சாட்சி சொல்லும் தரவைக் கணினிக்குக் கொடுத்தால், அதே பழக்கத்தை அது இன்னும் வேகமாகச் செய்யும்.

நான்காவது மறுப்புதான் கனமானது. நாம் சிறிய நாடு; மைதானம் குறைவு, பயிற்றுநர் குறைவு, பணம் குறைவு; எல்லோரையும் வளர்க்க முடியாது, சிலரைத் தெரிவுசெய்துதான் ஆக வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். தெரிவே வேண்டாம் என்றோ, சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றோ நான் சொல்லவில்லை. பெரிய வேறுபாட்டை அனுபவமுள்ள கண் காண்கிறது என்று முதலிலேயே சொன்னேன். அந்தக் கண்ணை அந்த வேலைக்குப் பயன்படுத்துவோம். ஆனால் வளம் குறைந்தவன்தான் இருப்பதை எல்லாம் ஒரே பெயரில் வைக்கக் கூடாது. மேசியும் தேலரும் கழகங்களுக்குச் சொன்ன முடிவும் இதுவே: விலையுயர்ந்த ஒரு முதல் இடத்தைக் கொடுத்து, விலை குறைந்த பல நடு இடங்களை வாங்குவது இலாபம். ஒருவனை உச்சியில் ஏற்றுவதற்குப் பதில் பத்துப் பேரை வாசலுக்குள் விடலாம். பதின்மூன்று வயதில் மூடும் கதவைப் பதினேழிலும் இருபத்தொன்றிலும் மறுபடி திறக்கலாம். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. முன்னர் எழுதிய தீர்ப்பை மறுபடி வாசிக்கும் பணிவு தேவை.

இந்தப் பணிவு நம் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம். அதற்கு அடுத்தே தெரிந்து வினையாடல் என்று இன்னோர் அதிகாரம். ஆளைத் தெரிவது ஒரு வேலை. தெரிந்தவனைப் பொருத்தமான செயலில் அமர்த்தி நடத்துவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் வள்ளுவர் சமமாகப் பத்துப் பத்துக் குறள்கள் ஒதுக்கினார். இன்றைய விளையாட்டு நிர்வாகம் முதல் அதிகாரத்துக்குத் தொலைக்காட்சி நேரலையும் ஏலமேடையும் அமைத்திருக்கிறது. இரண்டாவதை எவரிடம் ஒப்படைத்தது என்று தேட வேண்டியிருக்கிறது. லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட் 2020இல் தொடங்கி முதலில் டிராஃப்ட் முறையிலும், 2023இல் ஏலமுறையிலும் வீரர்களை எடுத்தது. போட்டி சில வாரங்களில் முடிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் தேறாத இருபது வயது இளைஞனை மீதிப் பதினொரு மாதமும் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

ஆனால் அதே லீக் நல்லது ஒன்றையும் காட்டியது. 2020இல் யாழ்ப்பாண அணி, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராக இருந்த சுழல்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்தை ஆடவிட்டது. வடக்கில் பிறந்து வளர்ந்த ஒரு பையன் அந்த மேடையில் நின்றான். 2024இல் அவர் ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்காகப் பந்து வீசினார். அவர் எவ்வளவு தூரம் போவார் என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்லும் பழக்கத்துக்கு எதிராகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். நான் கேட்பது வேறு. கொழும்புப் பெரிய கல்லூரிகளின் புற்றரை ஆடுகளங்களை மட்டும் பார்த்துத் தெரிவு செய்திருந்தால், ரத்கமையில் மென்பந்து ஆடித் திரிந்த லசித் மாலிங்க எங்கே இருந்திருப்பார்? முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க அவரைக் கண்டு, அவருடைய வினோதமான பந்துவீச்சைத் திருத்தி அழித்துவிடாமல் வளர்த்தார். பாடநூலில் இல்லாத ஒரு கை அசைவை ஒரு முகாமின் மதிப்பெண் தாளில் வைத்தால் எத்தனை புள்ளி கிடைத்திருக்கும்?

நம் பக்கத்திலேயே சரித்திரம் இருக்கிறது. 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் பொரளை சரவணமுத்து மைதானத்தில்தான் 1982 பெப்ரவரியில் இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது. முரளியும் அந்தக் கழகத்துக்காகவே ஆடினார். கொட்டாஞ்சேனைக்கு அருகே சுகததாச அரங்கில் உதைபந்தாட்டம் நடக்கும் நாட்களில் வடகொழும்புப் பிள்ளைகள் மதில் ஓரம் நிற்கிறார்கள். வெள்ளவத்தைக் கடற்கரையிலும் தெகிவளை ஒழுங்கைகளிலும் பந்து உருளுகிறது. இந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் வேண்டுவது ஒன்று: பன்னிரண்டு வயதில் அணியில் இடம் கிடைத்த பிள்ளையை வருங்கால நட்சத்திரம் என்று ஊருக்குச் சொல்லாதீர்கள், கிடைக்காத பிள்ளையிடம் உனக்கு வராது என்றும் சொல்லாதீர்கள். இரண்டும் ஆதாரமில்லாத வாக்கு. பாடசாலைகளிடம் வேண்டுவது: ஏ அணிக்கு ஒரு நல்ல பயிற்றுநரை வைத்தால், பீ அணிக்கும் ஒருவரை வையுங்கள், ஒவ்வொரு தவணையும் இரண்டுக்கும் இடையே ஆட்களை மாற்றிப் பாருங்கள், பிறந்த மாதத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கைவிட்டவர்களின் பெயர்களையும் பதிந்து, மூன்று ஆண்டுகளின் பின் அவர்களைத் தேடிப் பாருங்கள். கைவிட்டவர்களைத் திரும்பிப் பார்க்காத தெரிவுக்குழு தன் தவறை ஒருநாளும் அறியாது. கழகங்களிடமும் கிரிக்கெட், உதைபந்தாட்ட நிர்வாகங்களிடமும் வேண்டுவது: ஓர் இளைஞனைத் தெரிவுசெய்யச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் அவனுடைய முழங்காலுக்கும், படிப்புக்கும், தோல்வியுற்ற நாளில் அவனோடு பேசும் ஒருவருக்கும் இன்னொரு ரூபாவை ஒதுக்குங்கள்.

அத்தபத்துவின் ஆறு இன்னிங்ஸுக்கும் அடுத்த அழைப்புக்கும் இடையே மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்த மூன்று ஆண்டுகளில் அவரிடம் எதையோ கண்டு நம்பிக்கையை விடாதவர்கள் சிலர் இருந்திருக்க வேண்டும். ஒரு நாட்டின் விளையாட்டு வளர்வது, முதல் நாளில் சரியான பெயரைச் சொல்லும் மேதைகளால் என்று நான் நம்பவில்லை. இரண்டாம், மூன்றாம், நான்காம் முறையும் ஒரு பிள்ளைக்கு மட்டையையோ பந்தையோ கொடுக்கத் தயங்காத சாதாரண ஆசிரியர்களாலும் பயிற்றுநர்களாலும்தான் அது வளர்கிறது. அத்தகையோர் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். உங்கள் வேலைக்குத் தெரிவு மேடை கிடையாது, நேரலை கிடையாது. ஆனாலும் தெரிவுகள் பொய்க்காமல் இருப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.